இரவில் வண்டி எங்கே நிற்கும்? கடுங்குளிருக்கு ஒரு பிக்கப் டிரக் தேர்ந்தெடுப்பது

யெல்லோநைஃபில் ஜனவரி மாதம் எந்த வாகன நிறுத்தத்துக்குப் போனாலும் ஒரு காட்சி கண்ணில் படும். வரிசையாக நிற்கும் பிக்கப் டிரக்குகளின் முகப்பில், கிரில்லுக்கு நடுவிலிருந்து ஒரு குட்டை ஒயர் வெளியே தொங்கும், நாய் நாக்கைத் தொங்கப்போட்டிருப்பது போல. அதன் நுனியில் வீட்டு மிக்ஸிக்கு இருப்பதைப் போன்ற ஒரு பிளக். எதிரே கம்பத்தில் ஒரு சாக்கெட். புதிதாக வருகிறவர்கள் இவை எல்லாம் எலெக்ட்ரிக் வண்டிகள் என்று நினைத்துக்கொள்வார்கள். எல்லாமே பெட்ரோல், டீசல் வண்டிகள்தான். அந்த மின்சாரம் காலையில் வண்டி கண்விழிப்பதற்கு.

டொராண்டோவிலிருந்து வேலை மாறி இங்கே வந்த ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, ஃபோர்டா, ராமா, டொயோட்டாவா? எதை வாங்கலாம்?"

"ராத்திரி வண்டியை எங்கே விடப்போறே?" என்று கேட்டேன்.

கேள்வியைத் தட்டிக்கழிக்கிறேன் என்று நினைத்திருப்பான். ஆனால் கடுங்குளிர் ஊரில் எல்லாம் அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஓடுகிற எஞ்சின் தனக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். பத்து மணி நேரம் வெளியே அசையாமல் நின்ற எஞ்சினுக்கு அந்தச் சூடு கிடையாது. இங்கே வண்டிகள் பெரும்பாலும் ஓடும்போது மக்கர் பண்ணுவதில்லை. நின்றதால்தான் மக்கர் பண்ணுகின்றன. இழுவைத்திறன், குதிரைத்திறன், டாஷ்போர்டில் திரை எத்தனை அங்குலம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம் பேச வேண்டியவை.

யெல்லோநைஃப் கனடாவின் வடமேற்கு நிலப்பகுதியில், கிரேட் ஸ்லேவ் ஏரியின் வடகரையில், ஏறக்குறைய 20,000 பேர் வாழும் ஊர். ஜனவரி இரவுகளில் மைனஸ் 30 டிகிரி சாதாரணம். மைனஸ் 40 பெரும்பாலான குளிர்காலங்களில் எட்டிப் பார்க்கும். 1947 ஜனவரியில் மைனஸ் 51.2 வரை இறங்கியிருக்கிறது. அதே குளிர்காலத்தில், பிப்ரவரி 3-ஆம் தேதி, யூகானில் உள்ள ஸ்னாக் என்ற இடத்தில் மைனஸ் 63. கனடாவில் பதிவானதில் அதுதான் மிகக் குறைவு. மைனஸ் 40-ல் செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒரே எண்ணாகிவிடும். அதனால் அந்த எண்ணைச் சொன்னால் எந்த அளவையில் என்று யாரும் கேட்பதில்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். வானிலை அறிக்கையில் "மைனஸ் 35, காற்றோடு சேர்த்து மைனஸ் 48 போல உணரப்படும்" என்று சொல்வார்கள். அந்த இரண்டாவது எண் நம் தோலுக்கு. எஞ்சினுக்குத் தோல் கிடையாது. காற்று அடித்தால் வண்டி சீக்கிரம் ஆறிப்போகும், அவ்வளவுதான். மைனஸ் 35-க்குக் கீழே போகாது. ஆயில், கூலண்ட், டீசல் எதை வாங்கினாலும் தெர்மாமீட்டர் காட்டும் உண்மையான எண்ணை வைத்தே கணக்குப் போட வேண்டும்.

குளிரில் வண்டி ஏன் கிளம்ப மறுக்கிறது என்பதற்கு ஒரே காரணம் கிடையாது. மூன்று சங்கடங்கள் ஒரே நேரத்தில் கைகோத்துக்கொண்டு வருகின்றன. பேட்டரி பலவீனமாகிறது. எஞ்சின் சுற்றக் கடினமாகிறது. எரிபொருள் பற்றிக்கொள்ள மறுக்கிறது. பேட்டரிக்குள் நடப்பது வேதிவினை. குளிரில் அது மந்தமாகிவிடும். நம் ஊர் வெயிலில் முழுப் பலத்தோடு இருக்கும் ஈய அமில பேட்டரி, மைனஸ் 18-ல் அதில் ஏறக்குறைய 40 சதவீத பலத்தைத்தான் தரும். அதே குளிரில் எஞ்சினைச் சுற்ற இரண்டு மடங்கு பலம் தேவைப்படும். வரவு பாதி, செலவு இரட்டிப்பு. மைனஸ் 40-ல் கணக்கு இன்னும் மோசம்.

அதனால் டிரக் வாங்கும்போது பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் சிசிஏ என்ற எண்ணைப் பாருங்கள். மைனஸ் 18-ல், 30 விநாடிகள், மின்னழுத்தம் 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் எத்தனை ஆம்பியர் தர முடியும் என்பதே அந்த எண். பிக்கப்புக்கு 800-க்கு மேல் இருந்தால் நிம்மதி. டீசல் டிரக்குகளில் பெரும்பாலும் இரண்டு பேட்டரி இருப்பது இதனால்தான். இன்னொன்று: முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி மைனஸ் 55 வரைகூட உறையாது. சார்ஜ் இறங்கிப்போன பேட்டரியில் அமிலம் நீர்த்துப்போவதால் மைனஸ் 10-க்கு முன்பே உறைந்து, வயிறு வெடித்தது போல உப்பிவிடும். அப்படி உப்பிய பேட்டரிக்கு ஜம்ப் கொடுக்கவே கூடாது. வெடிக்கும் ஆபத்து உண்டு.

எஞ்சின் சுற்றக் கடினமாவது ஆயிலால். நம் ஊரில் பலரும் போடும் 20டபிள்யூ-40, 15டபிள்யூ-40 ஆயில்களை மைனஸ் 35-ல் ஒரு டப்பாவில் வைத்துக் கவிழ்த்தால் கீழே விழாமல் நிற்கும். டபிள்யூ-வுக்கு முன்னால் உள்ள எண் குளிர்காலத்துக்கானது. தர விதிப்படி 15டபிள்யூ ஆயில் மைனஸ் 25 வரையிலும், 5டபிள்யூ மைனஸ் 35 வரையிலும், 0டபிள்யூ மைனஸ் 40 வரையிலும் பம்ப்பால் உறிஞ்சப்படக்கூடியதாக இருக்க வேண்டும். ஆயில் வராமல் எஞ்சின் ஓடும் ஒவ்வொரு விநாடியும் இரும்போடு இரும்பு உரசும் விநாடி. ஆகவே 0டபிள்யூ ஆயிலை ஏற்கும் எஞ்சினா என்று கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வது, டிரக்கின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதைவிட முக்கியம். இப்போது வரும் பெட்ரோல் பிக்கப்புகளில் பல அதை ஏற்கும். பழைய டீசல்களில் கவனமாகப் பார்க்க வேண்டும்.

அப்புறம் அந்தத் தொங்கும் ஒயர். அதற்குப் பெயர் பிளாக் ஹீட்டர். வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரில் ஒரு மின்சாரக் கூட்டுறவு அமைப்பை நடத்திய ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர் இதற்கு முன்னோடி. எஞ்சினின் தலைப்பகுதியை இறுக்கும் போல்ட்டுகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சூடேற்றும் கம்பி உள்ள போல்ட்டைப் பொருத்தும் முறைக்கு அவர் 1949-ல் காப்புரிமை பெற்றார். இப்போதைய ஹீட்டர் பெரும்பாலும் எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள துளை ஒன்றில் உட்கார்ந்து, உள்ளே இருக்கும் கூலண்டைச் சூடாக்குகிறது. வாளித் தண்ணீருக்குள் போடும் ஹீட்டர் கம்பியைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும், அதே வேலைதான். பெட்ரோல் எஞ்சினுக்கு 400 வாட் அளவிலும், பெரிய டீசலுக்கு 1000 வாட்டுக்கு மேலும் இருக்கும். சூடான கூலண்ட் பிளாக்கைச் சூடாக்கும், பிளாக்கின் சூடு ஆயிலுக்கு ஏறும், ஸ்டார்ட்டர் இழுக்க வேண்டிய சுமை குறையும், பேட்டரி பிழைக்கும். மூன்று சங்கடத்தில் இரண்டை ஒரு சின்னக் கம்பி தீர்த்துவிடுகிறது.

மைனஸ் 20-ல் புறப்படுவதற்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பு மின்சாரம் ஏறினால் போதும். அதற்கு ஒரு டைமர் வைத்துக்கொள்ளலாம். மைனஸ் 40-ல் நான் ராத்திரி முழுக்க விட்டுவிடுவேன். மின்கட்டணம் பார்த்துத் தயங்குகிறவர்களிடம் ஸ்டார்ட்டரும் பேட்டரியும் என்ன விலை என்று கேட்டுப் பார்க்கச் சொல்வேன்.

வாங்கும் இடத்தில் கவனிக்க வேண்டியது: தெற்கே விற்கும் டிரக் எல்லாவற்றிலும் பிளாக் ஹீட்டர் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். சிலவற்றில் ஹீட்டர் இருக்கும், வெளியே வரும் ஒயர் இருக்காது. அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து விலை மலிவு என்று வரவழைக்கும் பழைய டிரக்குகளில் இரண்டுமே இல்லாமல் போகலாம். பானெட்டைத் திறந்து கையால் தடவிப் பார்த்து உறுதி செய்யுங்கள். அதோடு ஆயில் தொட்டிக்கு அடியில் ஒட்டும் சூட்டுப் பட்டையும், பேட்டரியைச் சுற்றும் சூட்டு உறையும் போட்டு, மூன்றையும் ஒரே பிளக்கில் சேர்த்துத் தரும் கடைகள் இங்கே உண்டு. டிரக்கின் விலையோடு ஒப்பிட்டால் சின்னச் செலவு. பின்னால் போடப்போகும் அலங்கார மூடியைவிட இதுதான் முதலில்.

எக்ஸ்டென்ஷன் ஒயரைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வீட்டுக்குள் பயன்படுத்தும் சாதாரண பிளாஸ்டிக் ஒயர் மைனஸ் 40-ல் காய்ந்த தென்னங்குச்சி போல விறைத்துவிடும். சுருட்ட முயன்றால் மேலுறை முறிந்து உள்ளே செம்பு தெரியும். குளிருக்கென்று தயாரிக்கப்பட்ட, ரப்பர் போல வளையும் தடித்த ஒயர் வேண்டும். என் பழைய ஒயர் முறிந்தது ஒரு காலை ஆறரை மணிக்கு. தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில், கையுறையைக் கழற்றி ஒயரைச் சுருட்டத் தொடங்கினேன். இரண்டாவது வளையத்தில் ஒரு சத்தம், முருங்கைக்காய் ஒடிப்பது போல. கையில் பாதி, தரையில் பாதி. பத்து நொடிக்குள் விரல் நுனி உணர்விழந்துவிட்டது. அந்த ஒயர் அதற்கு முந்தைய இரவே எங்கேயோ உள்ளுக்குள் விட்டுப்போயிருக்க வேண்டும், ஏனென்றால் எஞ்சின் துளியும் சூடாகியிருக்கவில்லை. அன்று வண்டி எடுத்த செல்ஃப் சத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வழக்கமான துள்ளல் இல்லை. கிணற்றிலிருந்து நிறைகுடத்தை இழுப்பது போல ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முனகல், ஒரு இடைவெளி. நான்காவது முனகலில் நின்றுபோனது. அன்றிலிருந்து பிளக் போட்டதும் வெறுமனே திரும்பிவிடுவதில்லை. மின்சாரம் வந்தால் நுனியில் சிவப்பாய் எரியும் விளக்கு உள்ள ஒயரைத்தான் வாங்குகிறேன்.

இனி எரிபொருள். பெரும்பாலானோர் இங்கேதான் தவறான டிரக்கை வாங்குகிறார்கள் என்பது என் கருத்து.

முரட்டு வண்டி என்றாலே டீசல் என்று நம் மனதில் பதிந்திருக்கிறது. ஜீப், லாரி, டிராக்டர் என்று பார்த்து வளர்ந்ததன் பழக்கம் அது. ஆனால் மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டியவர்களுக்கு டீசலின் சங்கடத்தை விளக்கவே தேவையில்லை. டீசலுக்குள் மெழுகுத்தன்மையுள்ள பகுதி உண்டு. குளிர் ஏற ஏற அது முதலில் சின்னச் சின்னத் துகளாகப் பிரிந்து டீசலைக் கலங்கலாக்கும். இன்னும் குளிர்ந்தால் அந்தத் துகள்கள் ஃபில்டரில் அப்பிக்கொண்டு வழியை அடைக்கும். டாங்க்கில் டீசல் இருக்கும், எஞ்சினுக்கு வந்து சேராது. கோடைக்கால டீசலுக்கு இந்தத் தொல்லை பூஜ்யத்தைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கியதுமே தொடங்கிவிடலாம். இதற்காகவே குளிர் நாடுகளில் பருவத்துக்குப் பருவம் டீசலின் கலவையை மாற்றுகிறார்கள். மண்ணெண்ணெய்க்கு நெருக்கமான இலேசான பகுதியைக் கூட்டி, மெழுகைக் குறைக்கிறார்கள்.

இந்தியாவிலும் இது புதிதில்லை. லடாக்கில் குளிர்காலத்தில் டீசலோடு மண்ணெண்ணெய் கலந்து ஓட்டியிருக்கிறார்கள். 2019 நவம்பரில்தான் இந்தியன் ஆயில் நிறுவனம் பானிபட் சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்த, மைனஸ் 33 வரை உறையாத குளிர்கால டீசலை அங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது. தெற்கே டாங்க் நிரப்பிக்கொண்டு வடக்கே ஓட்டி வருகிறவர்கள் மாட்டிக்கொள்வதும் இதே இடத்தில்தான். எட்மண்டனிலிருந்து யெல்லோநைஃப் ஏறக்குறைய 1,450 கிலோமீட்டர். இலையுதிர் காலத்தில் இதமான ஊரில் நிரப்பிய டீசல், வந்து சேரும் இரவில் கூழாகிவிடும். டீசல் டிரக்கோடு வடக்கே வருவதென்றால் வழிநெடுக அந்தந்த ஊர் டீசலைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி வருவதுதான் முறை.

பெட்ரோலுக்கு இந்த மெழுகுத் தொல்லை இல்லை. மைனஸ் 40-லும் தண்ணீராகவே ஓடும். அதற்கு வேறொரு சிக்கல் உண்டு: ஆவியானால்தான் பற்றும், குளிரில் ஆவியாகத் தயங்கும். அதற்காகக் குளிர்கால பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பியூட்டேனைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். டாங்க் எப்போதும் பாதிக்கு மேல் இருக்கட்டும். காலி இடத்தில் உள்ள காற்றின் ஈரம் உள்ளே தண்ணீராகி, குழாயில் உறைவதை அது குறைக்கும். வழியில் மாட்டிக்கொண்டால் ஹீட்டர் ஓடவும் அந்தப் பாதி டாங்க்தான் கைகொடுக்கும்.

இப்போதைய டீசல் டிரக்குகளில் இன்னும் இரண்டு விஷயங்களை யோசிக்க வேண்டும். புகையைச் சுத்திகரிக்க ஊற்றும் யூரியா கரைசல் மைனஸ் 11-லேயே உறைந்துவிடும். அதன் தொட்டிக்குள் ஹீட்டர் இருக்கிறது, உறைந்த நிலையிலும் வண்டி கிளம்பும்படி வடிவமைத்திருக்கிறார்கள், சரி. ஆனால் அந்த ஹீட்டரோ சென்சாரோ பழுதானால் எஞ்சினின் வேகத்தைக் கணினியே குறைத்துவிடும். பழுது பார்க்கும் பட்டறை 500 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இடத்தில் அது விளையாட்டில்லை. அடுத்தது புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி. பிடித்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள அதற்கு 550, 600 டிகிரி அளவில் சூடு வேண்டும். வீட்டிலிருந்து அலுவலகம் ஐந்து கிலோமீட்டர், பாதி நேரம் நின்றபடியே எஞ்சின் ஓடுகிறது என்றால் அந்தச் சூடு வரவே வராது. வடிகட்டி அடைத்துக்கொண்டே போகும். டீசல் எஞ்சின் எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்துகிறது என்பதும் இங்கே குறைதான். வீணாகும் சூடு குறைவு, ஆகவே கேபின் சூடாக அதிக நேரம் பிடிக்கும்.

ஆகவே என் தீர்ப்பு இது. வாரத்தில் பல நாள் கனமான டிரெய்லர் இழுக்கிறீர்கள், வண்டி நாள் முழுக்க ஓடுகிறது, இரவில் சூடேற்றிய கொட்டகையில் நிற்கிறது என்றால் டீசல் வாங்குங்கள். மற்ற எல்லோருக்கும் பெட்ரோல். ஃபோர்டு எஃப்-150, செவர்லே சில்வராடோ, ராம் 1500, டொயோட்டா டன்ட்ரா எதுவானாலும், ஊரில் அதைப் பழுது பார்க்க ஆள் இருக்கிறாரா, உதிரிபாகம் லாரியில் வர எத்தனை நாள் ஆகும் என்று கேட்டு, அதில் எது தேறுகிறதோ அதை எடுங்கள். நம் ஆட்கள் அடிக்கடி கேட்கும் டொயோட்டா ஹைலக்ஸ் கனடாவிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கே இல்லை. அதன் இடத்தில் இங்கே டகோமா.

ஹைலக்ஸ் குளிருக்குத் தாங்காது என்று அதற்கு அர்த்தமில்லை. ஐஸ்லாந்தின் ஆர்க்டிக் டிரக்ஸ் நிறுவனம் ஹைலக்ஸை மாற்றியமைத்து அண்டார்க்டிகாவில் ஓட்டுகிறது. 2010-ல் இந்திய விஞ்ஞானிகள் குழு மைத்ரி நிலையத்திலிருந்து தென்துருவத்துக்குத் தரைவழியாகப் போய்த் திரும்பியதும் அந்த நிறுவனத்தின் வண்டிகளில்தான். ஆனால் அந்த வண்டிகளைப் பார்த்து நாம் வாங்கக் கூடாது. அங்கே டீசல் எஞ்சினில் ஊற்றுவது விமான எரிபொருளை. அது மைனஸ் 47 வரை உறையாது. டயர் ராட்சத அளவு, காற்றழுத்தமோ மூன்று, நான்கு பிஎஸ்ஐ மட்டும், மென்பனியில் புதையாமல் மிதப்பதற்காக. கூடவே மெக்கானிக்கும் பயணம் செய்கிறார். நமக்கு வேண்டியது வேலைக்குப் போய் வரும் வண்டி.

கூலண்டைப் பற்றிச் சுருக்கமாக. தண்ணீரும் கிளைகால் என்ற உறைதடுப்புத் திரவமும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். 60-க்கு 40 என்று கிளைகாலைக் கூட்டினால் மைனஸ் 52 வரை. அப்படியானால் முழுக்கக் கிளைகாலே ஊற்றிவிடலாமே என்று தோன்றும். கூடாது. தனிக் கிளைகால் மைனஸ் 13-லேயே உறைந்துவிடும். இரண்டும் கலந்தால்தான் இரண்டுமே உறையத் தயங்கும். தெற்கிலிருந்து வரும் டிரக் பெரும்பாலும் பாதிக்குப் பாதியோடு வரும். வந்ததும் சோதித்து மாற்றிவிடுங்கள்.

எஞ்சின் கிளம்பிவிட்டது என்பதாலேயே வண்டி தயார் என்று ஆகாது. கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்னும் பின்னும் டிஃபரென்ஷியல், ஷாக் அப்சார்பர், ஸ்டீயரிங் எல்லாவற்றிலும் எண்ணெய் உண்டு. அவற்றுக்கு பிளாக் ஹீட்டர் இல்லை. மைனஸ் 40-ல் முதல் கிலோமீட்டர் ஓட்டும்போது வண்டி சேற்றில் போவது போல இழுக்கும். டயர்களோ இரவெல்லாம் நின்ற இடத்தில் தட்டையாகி அப்படியே விறைத்திருக்கும். சதுரச் சக்கரத்தில் போவது போல டொக், டொக் என்று இரண்டு, மூன்று கிலோமீட்டர் வரை அடிக்கும். இந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரை மிதிப்பவர்கள்தான் ஷாக் சீல்களையும் ஸ்பிரிங்குகளையும் உடைக்கிறார்கள். சாதாரண எஃகுக்கே கடுங்குளிரில் வளையும் குணம் குறைந்து, முறியும் குணம் கூடும். மெதுவாக உருட்டிக்கொண்டு போங்கள். எஞ்சினை நின்ற இடத்திலேயே அரை மணி நேரம் ஓடவிடுவதால் கியர்பாக்ஸும் டயரும் சூடாகாது. அவை உருண்டால்தான் சூடாகும்.

டயர் வாங்கும்போது பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் வரைந்திருக்கிறதா என்று பாருங்கள். "எல்லாப் பருவத்துக்கும்" என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். அந்த ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே இறுகத் தொடங்கும், இங்கே அது பிளாஸ்டிக்காகவே ஆகிவிடும். முரட்டுத் தோற்றத்துக்காகப் பெரிய பற்கள் கொண்ட சேற்று டயர் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. வழுக்கும் பனிக்கட்டிக்குப் பெரிய பல் உதவாது. மென்மையான ரப்பரும் அதில் நெருக்கமாக வெட்டிய மெல்லிய கீறல்களும்தான் பிடிக்கும். காற்றழுத்தத்தையும் மறக்கக் கூடாது. ஏறக்குறைய ஐந்தரை டிகிரி இறங்கினால் ஒரு பிஎஸ்ஐ குறையும். 20 டிகிரி சூடுள்ள கராஜில் சரியாக நிரப்பி மைனஸ் 40-க்குள் ஓட்டிப் போனால் பத்து பிஎஸ்ஐக்கு மேல் காணாமல் போயிருக்கும்.

ஃபோர் வீல் டிரைவ் வேண்டும் என்பதில் இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் எந்த வகை என்று பாருங்கள். மலிவான மாடல்களில் இரண்டு சக்கரம் அல்லது நான்கு சக்கரம் என்று கையால் மாற்றும் வகைதான் இருக்கும். நான்கில் வைத்துக்கொண்டு காய்ந்த தார்ச் சாலையில் ஓட்டினால் பல்சக்கரங்கள் ஒன்றை ஒன்று முறுக்கிக்கொள்ளும். இங்கே சாலை பத்து மீட்டர் பனிக்கட்டி, இருபது மீட்டர் காய்ந்த தார் என்று மாறி மாறி வரும். தானாகவே தேவைக்கேற்ப முன்சக்கரங்களுக்குச் சக்தி அனுப்பும் ஆட்டோ வசதி உள்ள மாடலுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

விளக்குகளில் ஒரு சின்ன விஷயம். எல்இடி ஹெட்லைட் அழகு, வெளிச்சமும் அதிகம். ஆனால் பழைய ஹாலஜன் பல்பு போல முன்கண்ணாடியைச் சூடாக்காது. பனி பறக்கும் சாலையில் அரை மணி நேரம் போனால் கண்ணாடியில் பனி அப்பி வெளிச்சம் மங்கிவிடும். ஃபோர்ட் பிராவிடன்ஸ் பக்கம் மூன்றாம் எண் நெடுஞ்சாலையில் காட்டெருமைகள் ராத்திரியில் சாலை நடுவே நிற்கும். கறுப்பு உடம்பு, கறுப்புச் சாலை. நிறுத்தித் துடைத்துவிட்டுப் போங்கள்.

எஞ்சின் ஓடும்போது உள்ளே கசியும் வாயுவை வெளியேற்ற ஒரு மூச்சுக்குழாய் உண்டு. அதில் நீராவியும் வரும். கடுங்குளிரில் நெடுந்தூரம் ஓடும்போது அந்த ஆவி குழாய் வாயிலேயே உறைந்து அடைத்துவிடும். மூச்சு விட வழியில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறி, ஏதாவது ஒரு ஆயில் சீலைப் பிய்த்துக்கொண்டு ஆயில் முழுக்க வெளியே கொட்டும். ரேடியேட்டருக்கு முன்னால் மறைப்புத் துணியோ அட்டையோ வைத்து ஓட்டுவது கேபின் சூட்டுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தக் குழாயைக் காப்பாற்றவும் அது உதவும். வாங்கும் மாடலுக்குக் கிரில் மறைப்பு கிடைக்கிறதா என்று கேளுங்கள். முகப்பில் தானாக மூடித் திறக்கும் தகடுகள் சில புதிய மாடல்களில் உண்டு. அவையும் பனியில் சிக்கி நிற்கலாம் என்பதால் காலையில் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

எடையும் ஒரு கணக்கு. குளிர்காலத்தில் யெல்லோநைஃபிலிருந்து டெட்டா கிராமத்துக்கு உறைந்த ஏரியின் மேலேயே ஆறரை கிலோமீட்டர் சாலை போடுகிறார்கள். தரைவழியே சுற்றினால் 27 கிலோமீட்டர். எஃப்-150 போன்ற, பெயருக்கு "அரை டன்" எனப்படும் வகைப் பிக்கப் இரண்டு முதல் இரண்டரை டன் எடை இருக்கும். பெரிய டீசல் மூன்றரை டன் வரை போகும். அதில் சுமையும் சேர்த்தால் இன்னும் மேலே. பருவத் தொடக்கத்தில் ஏரிச்சாலை இலேசான வண்டிகளுக்கு மட்டும் திறந்திருக்கும், எடை வரம்பைப் பலகையில் எழுதியிருப்பார்கள். பனிக்கட்டி தடிக்கத் தடிக்கத்தான் வரம்பு ஏறும். வைரச் சுரங்கங்களுக்குப் போகும் ஏரிச்சாலையில் சுமை லாரிகளுக்கு மணிக்கு 25 கிலோமீட்டர்தான் அனுமதி. வேகமாகப் போனால் பனிக்கட்டிக்கு அடியில் தண்ணீரில் அலை எழும்பி, கரைக்கு அருகில் கட்டியையே பிளந்துவிடும். தேவைக்கு மேல் கனமான டிரக் வாங்கினால் அந்த நாட்களில் சுற்றுவழிதான்.

எலெக்ட்ரிக் பிக்கப் பற்றிக் கேட்கிறார்கள். பிளக் வசதியுள்ள வீடும், ஊருக்குள் மட்டும் ஓட்டமும் என்றால் சமாளிக்கலாம். கேபின் சூடும் பேட்டரிச் சூடும் ஓட்டத்துக்கான மின்சாரத்திலிருந்தே போவதால் கடுங்குளிரில் தூரம் வெகுவாகக் குறையும். ஹே ரிவர் என்ற ஊருக்கு இங்கிருந்து ஏறக்குறைய 480 கிலோமீட்டர், நடுவில் ஊர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. அந்தச் சாலைக்கு இன்றைய நிலையில் நான் அதைச் சொல்லமாட்டேன்.

பிளக் போட வழியே இல்லாத இடங்களில் என்ன செய்கிறார்கள்? சைபீரியாவின் யாகுட்ஸ்க்கில் ஜனவரிச் சராசரியே மைனஸ் 40-ஐ ஒட்டி இருக்கும். அங்கே கடைக்குப் போனாலும் எஞ்சினை அணைக்காமல் விடுகிறவர்கள் உண்டு. எஞ்சினுக்கு மேல் தடித்த போர்வை, கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி ஒட்டுவது, இரவில் சூடேற்றிய கராஜ். கனடாவிலும் பிளக் இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது: வண்டியின் எரிபொருளையே கொஞ்சம் எரித்துக் கூலண்டைச் சூடாக்கும் தனி ஹீட்டர். விலை அதிகம், ஆனால் காட்டு நடுவே கூடாரத்தில் தங்கி வேலை செய்கிறவர்களுக்கு அதைவிட நல்ல முதலீடு தெரியவில்லை. அப்படிப்பட்டவர்கள் டிரக்கின் மாடலை முடிவு செய்யும் முன்பே அந்த ஹீட்டரைப் பொருத்த எஞ்சின் அறையில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு பார்த்து வாங்கினாலும் ஒரு நாள் வழியில் நிற்கும் என்று வைத்துக்கொண்டே புறப்பட வேண்டும். பின் இருக்கைக்கு அடியில் இடம் உள்ள கேபினைத் தேர்ந்தெடுப்பது அதற்காகத்தான். மைனஸ் 40 தாங்கும் தூக்கப்பை ஆளுக்கு ஒன்று, மண்வெட்டி, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, சாப்பாடு, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி. சாமானைப் பின்னால் திறந்த தொட்டியில் போடாதீர்கள். அதன் கதவு உறைந்து திறக்காமல் போகலாம். எஞ்சின் ஓடவிட்டு உட்கார்ந்திருந்தால் சைலன்சர் வாய் பனியில் புதையாமல் அடிக்கடி இறங்கித் தோண்டிவிடுங்கள். உள்ளே புகுந்த புகையின் மணம்கூடத் தெரியாமலே உயிர் போகும். இதை மட்டும் எத்தனை முறை சொன்னாலும் தப்பில்லை.

அந்தத் தம்பி கடைசியில் பழைய டிரக் ஒன்றைப் பார்க்கக் கூப்பிட்டான். மாலை நாலு மணி, மைனஸ் 33. விற்கிறவர் நாங்கள் போவதற்கு முன்பே எஞ்சினை ஓடவிட்டிருந்தார். கேபின் கதகதவென்று இருந்தது, இருக்கையும் சூடு. தம்பிக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் பானெட்டில் கை வைத்தேன், சூடு. அவரிடம் மரியாதையாகவே கேட்டேன்: "இன்னிக்கு ராத்திரி பிளக் போடாம வெளியே விடறீங்களா? காலைல ஏழு மணிக்கு வந்து நாங்களே சாவி போட்டுப் பார்க்கறோம்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் சரி என்றார்.

மறுநாள் காலை மைனஸ் 36. பானெட் உறைந்த இரும்பு, கையுறைக்குள்ளேயே குளிர் ஏறியது. தம்பி சாவியைத் திருப்பினான். ஒரு முனகல், இரண்டு, மூன்று. நான்காவதில் பற்றிக்கொண்டது. அரை நிமிடம் தடதடவென்று அடித்துவிட்டு மெல்லச் சீரானது. ஆயில் விளக்கு அணையும் வரை இருவரும் பேசவில்லை. பிறகு அவன் இறங்கிப் போய், முகப்பில் குனிந்து, கிரில்லுக்குள் கைவிட்டு அந்தக் குட்டை ஒயர் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தான்.